மோரிஸுக்குக் கம்பிச் சக்கரம்

மாட்டுங்கா, பம்பாய்
30-1-1964

சௌபாக்கியவதி ருக்குவுக்கு அப்பாவின் ஆசீர்வாதம். பகவான் கிருபையில் நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். உன் கடுதாசி போகியன்று வந்தது. மாசிக் கடைசியில் கப்பலில் பல்லார்டு பியரில் வந்து இறங்குவதாகவும், அப்பா ஓட்டிக்கொண்டு வந்தால்தான் காரில் ஏறுவேன், இல்லாவிட்டால் டாக்ஸி பிடித்துக்கொள்வேன் என்றும் எழுதியிருக்கிறாய். அம்மா அதை உரக்கப் படித்துக் காட்டினாள், அப்புறம் நானும் தனியாக ஒரு தரம் படித்துக்கொண்டேன். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ரிடையர் ஆனதும் நான் வாங்கின பழைய மோரிஸை நீ போட்டோவில்தான் பார்த்திருக்கிறாய். வண்டி நல்ல வண்டி, சக்கரங்கள்தான் துருப்பிடித்து, இன்னும் வட்டமாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டிய நிலையில் இருக்கின்றன. பெண் வந்து இறங்கும்போது இந்தக் கோலத்திலா போய் நிற்பது என்று தாராவியில் பூதத்தான் பட்டறைக்குப் போனேன். திருநெல்வேலிக்காரர், அளவெடுத்துக் கம்பிச் சக்கரம் செய்து கொடுக்கிறார். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை, குளிக்கும்போதும் சக்கரம், ஜபத்திலும் சக்கரம். வளையத்துக்குக் கிரீம் கலர் அடிப்பதா, குரோமியம் பூசுவதா, நடுவில் மூடி குமிழாக வேண்டுமா தட்டையாகவா என்று அம்மாவைப் போட்டுப் பிடுங்கி எடுத்துவிட்டேன். சுவரில் மாட்டியிருந்த ஒரு சக்கரத்தை அவர் கையால் சுழற்றிக் காட்டினார், பார், கம்பியெல்லாம் கரைந்து போய் வெறும் வெளிச்சம் மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. சாப்பாட்டுக்குப் பிறகு ஈஸிசேரில் கண்ணை மூடினால் நாம் மரீன் டிரைவில் போய்க்கொண்டிருக்கிறோம், ஒரு பக்கம் சமுத்திரம், ஒரு பக்கம் நீ, போலீஸ்காரன்கூடக் கை காட்டி வழி விடுகிறான். அம்மா மட்டும் கனவிலும் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு மெதுவாகப் போங்கோ என்கிறாள்.

போன சனிக்கிழமை முடிவாகத் தேர்ந்தெடுக்க அம்மாவையும் அழைத்துக்கொண்டு போனேன். குரோமியத்தில் ஒரு செட்டும் கிரீம் கலரில் ஒரு செட்டும் தயாராக வைத்திருந்தார். கம்பிகள் சமமாக இறுகியிருக்கின்றனவா என்று சின்ன ஸ்பேனரால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே வந்தவர், குரோமியம் சக்கரத்தில் ஓரிடத்தில் நிறுத்தி, "சாமி, மத்த கம்பியெல்லாம் கிண்ணுனு பேசுதுல்லா, இது மட்டும் சத்தம் அடைக்கு, கேட்டேளா?" என்றார். நான் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். ருக்கு, அவர் தட்டுவது தெரிந்தது, கம்பி அதிர்வதுகூடத் தெரிந்தது, சத்தம் மட்டும் வரவில்லை. எந்தக் கம்பியிலும் வரவில்லை. உன் தம்புராவுக்குத் தினமும் விடியற்காலையில் சுருதி சேர்த்துக் கொடுத்த காது இது. அம்மா என் முகத்தைப் பார்த்தாள், பூதத்தான் அந்தக் கம்பியை இறுக்குவது போலக் குனிந்துகொண்டார்.

திரும்பி நடந்து வருகையில் அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். சில மாதங்களாகவே அவளுக்குச் சந்தேகமாம். போன வாரம் கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பஸ் நம் வண்டிக்குப் பின்னால் ஹார்ன் அடித்து அடித்துக் கடைசியில் உரசுகிறாற்போல ஒதுங்கிப் போயிற்றாம். பஸ்ஸே வரவில்லையே என்று சண்டை போட்டேன். அவள் நடுத்தெருவில் நின்று என்னைத் தன் பக்கம் திருப்பி, உதடு அசைவதை நான் பார்க்கும்படி, "காது போனாப் போட்டும். நீங்க போயிடப்படாது" என்றாள். இரண்டு நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேசாமல் வண்டிச் சாவியை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தேன், வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், அழக்கூடச் செய்தேன். மூன்றாம் நாள் செம்பூரிலிருந்து உன் நாணு மாமா வந்தபோது சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன். இனி அவன்தான் ஓட்டுவான், நான் பின் சீட்டில் அம்மாவோடு.

சக்கரத்தை மட்டும் விடவில்லை. குரோமியம் செட்டையே எடுத்தோம். பளபளப்பை நான் பார்த்தேன், அம்மா பட்டறையில் முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியையும் தட்டச் சொல்லிக் கேட்டு, சரி சரி என்று தலையாட்டினாள். பூதத்தானுக்கு அவளைக் கண்டால் இப்போது பயம். காது டாக்டரிடமும் போகச் சொல்கிறாள், நீ வந்ததும் போகலாம் என்றிருக்கிறேன். மாப்பிள்ளையிடம் இதைப் பெரிதுபடுத்த வேண்டாம். கப்பலில் மேல்தட்டில் காற்றில் நிற்காதே, மப்ளர் கட்டிக்கொள், காபி கிடைக்காவிட்டால் ஹார்லிக்ஸாவது குடி.

நீங்கள் இருவரும் தீர்க்காயுசோடு சகல பாக்கியங்களும் பெற்றிருக்க உம்மாச்சியை வேண்டிக்கொள்கிறேன். அப்பா ஓட்டவில்லை என்று டாக்ஸி பிடித்துவிடாதே கண்ணே. பல்லார்டு பியரில் நான் வண்டிப் பக்கத்தில்தான் நிற்பேன், சக்கரத்தைப் பார்த்தே அடையாளம் தெரிந்துகொள்ளலாம். ஆனால் பின்னாலிருந்து கூப்பிட்டுவிட்டு, அப்பா திரும்பவில்லையே என்று நினைக்காதே. நேரே என் முன்னால் வந்து நின்று கூப்பிடு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்த்திருக்கும் அப்பா,
மகாதேவன்