இரண்டு பேராகத்தான் இருந்தோம் என்று யாரிடம் சொல்ல?

என்னோடு சண்டை போடுவதற்கென்றே வாய்த்த என் பிரியமான அண்ணாச்சிக்கு,

நீங்கள் பிறக்கவே இல்லை என்று மன்றத்தில் முடிவு செய்துவிட்டார்கள். போன வெள்ளிக்கிழமை மத்தியானம் முடிவானது. நீங்கள் இருந்திருந்தால் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்து, ஜெயராணி அக்காவிடம் ஏச்சு வாங்கியிருப்பீர்கள். எனக்குத்தான் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

இதை வேறு யாராவது வாசித்தால் அவர்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் முதலில் இருந்தே சொல்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடியில் ஜெயராணி அக்கா பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். பலகை அடித்துத் தடுத்த ஏழு கேபின்கள். பகலெல்லாம் பார்சல் ஆபீசில் புக்கிங் எழுதிவிட்டு, சாயங்காலம் அங்கே உட்கார்ந்து, தமிழில் அரசியல் பேசும் ஓர் இணைய மன்றத்தில் நான் எழுதுவேன். அங்கே என் பெயர் 'கரண்ட்கட்'. நல்ல சண்டை நடக்கும்போதெல்லாம் நம்ம ஊரில் கரண்ட் போய், நான் பாதியில் காணாமல் போவேன். அதனால் வைத்த பெயர்.

அந்த மன்றத்தில் என் உயிரை வாங்குவதற்கென்றே ஒருவர் இருந்தார். பெயர் 'எப்போதும்வென்றான்'. ஓட்டப்பிடாரம் பக்கம் அப்படி ஓர் ஊர் இருப்பது சென்னைக்காரனுக்கும் துபாய்க்காரனுக்கும் எங்கே தெரியும்? திமிர் பிடித்த ஆள் என்று நினைத்தார்கள். அதுவும் உங்கள் கட்சி நின்ற இடத்தில் எல்லாம் தோற்றுக்கொண்டிருந்த காலம். வாரத்துக்கு ஒருவராவது "பேர மாத்துங்க சார்" என்று எழுதுவார்கள். "அது எங்க ஊரு. ஊர மாத்த முடியாதுவே" என்று நீங்கள் பதில் போடுவீர்கள். அதை யாரும் நம்பவில்லை என்பது இப்போதுதான் எனக்கே தெரிகிறது.

ஒருநாள் உங்கள் தலைவரைப் பற்றி நக்கலாக ஒரு வரி எழுதி அனுப்பினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பக்கத்துக் கேபினில் இருந்து குரல் வந்தது. "எந்த மூதி எழுதுனது இத?"

பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். வெள்ளை வேட்டி, மூக்கு நுனியில் கண்ணாடி. மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கும் சண்முகையா அண்ணாச்சி.

"நாந்தான் அண்ணாச்சி."

என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். "பார்சல் ஆபீஸ் ஜாகிராலே நீ? என் பூச்சிமருந்துப் பெட்டிய மூணு நாளா தூத்துக்குடியிலயே போட்டு வச்சிருக்கதும் நீதானா? இப்பந்தானே தெரியுது, நீ எந்தக் கட்சின்னு."

"அதுக்கும் கட்சிக்கும் சம்பந்தம் இல்ல அண்ணாச்சி."

"எல்லாத்துக்கும் சம்பந்தம் இருக்கு. வா, டீ குடிப்போம்."

அன்றைக்கு டீக்கடையில் ஒரு ஒப்பந்தம் போட்டோம். டீக்கடையில் அரசியல் பேசக் கூடாது, மன்றத்தில் சொந்தக் கதை பேசக் கூடாது. மூன்று வருஷம் அதைக் காப்பாற்றினோம். உங்கள் மகள் மகாவைத் தூத்துக்குடி காலேஜில் சேர்த்த கதை, என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்த கதை எல்லாம் டீக்கடையில் முடித்துவிட்டு மாடியேறுவோம். பத்து நிமிஷத்தில் எனக்கு மூளையே கிடையாது என்று ஊர் உலகத்துக்கெல்லாம் எழுதிவிடுவீர்கள். நானும் சும்மா விடமாட்டேன்.

ஒரே சென்டரில் இருந்து எழுதியதால் இரண்டு பேருக்கும் மன்றத்தில் ஒரே இணைய எண்தான் காட்டும். மன்றத்து நடுவர் ஒருமுறை என்ன விஷயம் என்று கேட்டார். ஒரே ஊர், ஒரே சென்டர் என்றோம். சரி என்று விட்டுவிட்டார்.

அப்புறம்தான் உங்களுக்கு ஈரல் கெட்டது. மதுரையில் ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள். அதே வாரம் இடைத்தேர்தல் முடிவு வந்தது. வழக்கம்போல உங்கள் கட்சி தோற்றது.

மன்றத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. தோற்ற கட்சிக்காரர் முடிவு வந்த அன்றைக்கே வந்து உட்கார வேண்டும். அவருக்கென்று தனியாக ஒரு பக்கம் திறப்பார்கள். ஜெயித்தவர்கள் எல்லாரும் வரிசையாக வந்து ஏசுவார்கள். எதிர்த்து வாதாடக் கூடாது, வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். வராமல் போனால் அவர் பெயருக்குக் கீழே 'ஓடிப்போனவர்' என்று போட்டுவிடுவார்கள். அது அழியவே அழியாது.

முடிவு வருவதற்கு முந்தின நாள் உங்களைப் பார்க்க வந்த இடத்தில் குளுக்கோஸ் ஏறுகிற கையைக் காட்டி என்னைக் கூப்பிட்டீர்கள். மதினி மருந்து வாங்கக் கீழே போயிருந்தார்கள்.

"ஏலே ஜாகிரு, நீ போயி என் பேருல உக்காரு. நீயே வாங்கிக் கட்டிக்க."

"என்ன அண்ணாச்சி பேச்சு இது? முடியலன்னு சொன்னா அவங்க விட்டுருவாங்க."

"ஒருத்தனும் நம்ப மாட்டான். தோத்தன்னைக்குப் பாத்து ஆஸ்பத்திரியாம்பான். முப்பது வருசமா தோக்குதேன், ஒருநாளும் ஓடுனது இல்ல. இப்பமா ஓடுவேன்?"

பாஸ்வேர்டைச் சொன்னீர்கள். நான் அன்றைக்கு முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? எனக்கும் அது ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது, அண்ணாச்சி. பொய் சொல்ல மாட்டேன்.

மூன்றாம் நம்பர் கேபினில் உட்கார்ந்து நாள் முழுக்க நீங்களாக ஏச்சு வாங்கினேன். கரண்ட்கட் மட்டும் வராமல் இருந்தால் சந்தேகம் வருமே என்று, நடுநடுவே உங்கள் பெயரில் இருந்து வெளியே வந்து என் பெயரில் உள்ளே போய் உங்களை, அதாவது என்னை, நன்றாக ஏசினேன். ஜெயராணி அக்கா பார்த்துவிட்டு, "என்ன ஜாகிரு, உனக்கு நீயே முனங்கிக்கிட்டு இருக்க?" என்று கேட்டார்.

ஒரு நாளோடு நிறுத்தியிருக்கலாம். நீங்கள் விடவில்லை. இரண்டு மாசம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டு மதுரை பஸ் ஏறுவேன். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பீர்கள். "நான் இப்படியாலே எழுதுவேன்? இதுல உப்பு இல்ல, உறைப்பு இல்ல" என்று பென்சிலால் அடிப்பீர்கள். சிலதைத் திருத்தித் தருவீர்கள், சிலதைப் புதுசாகச் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். சிலதை வாசித்துவிட்டு, "இது சரி. இது நான்தான்" என்பீர்கள். அப்போது எனக்குப் பெருமை பிடிபடாது. பிற்பாடு பென்சில் பிடிக்க உங்களுக்கு முடியவில்லை. நான் வாசிப்பேன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டுவீர்கள்.

நீங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் மன்றத்தில் எழுதினேன். 'எப்போதும்வென்றான் காலமானார். என் அண்ணாச்சி.' அவ்வளவுதான் எழுத வந்தது.

முதல் பதில் துபாயில் இருந்து வந்தது. "நல்ல ஐடியா. தொடர்ந்து தோத்தா இப்படித்தான் சாகணும்." அடுத்தவர் நடுவரைக் கூப்பிட்டார். நடுவர் இணைய எண்களைப் பார்த்தார். மூன்று வருஷமாக ஒரே எண். கடைசி இரண்டு மாசத்தில், ஒருவர் வெளியே போன அடுத்த நிமிஷம் மற்றவர் உள்ளே வந்திருக்கிறார். அந்த இரண்டு மாசத்தில் ஒருநாள்கூட இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இல்லை.

"நேரடியா ஒரு கேள்வி. எப்போதும்வென்றான் பேர்ல நீங்க எப்பவாவது எழுதியிருக்கீங்களா, இல்லையா?" என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருந்தால் தப்பித்திருக்கலாம். உங்கள் சாவைச் சொல்ல வந்த இடத்தில் பொய் சொல்ல நாக்கு வரவில்லை. கடைசி இரண்டு மாசம் எழுதினேன், அவர் சொல்லித்தான் எழுதினேன் என்றேன். அதோடு சோலி முடிந்தது.

நான் என்னவெல்லாம் செய்தேன் தெரியுமா? உங்கள் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைப் படம் பிடித்துப் போட்டேன். போஸ்டர் யார் வேண்டுமானாலும் அடிக்கலாம் என்றார்கள். கடைக்குப் போன் செய்து பாருங்கள் என்றேன். யாரோ ஒருவர் செய்தும் இருக்கிறார். எடுத்த மதினியிடம் "சண்முகையா சார் மன்றத்துல எழுதுவாரா?" என்று கேட்க, "எங்க வீட்டு அவிய உரம் விக்கியவியல்லா, எழுத்து கிழுத்து ஒண்ணும் கிடையாது" என்று சொல்லிவிட்டார்கள். கம்பெனி விலை பார்க்கத்தான் சென்டருக்குப் போகிறேன் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தீர்களே, அவர்களுக்கு எப்படித் தெரியும்? எப்போதும்வென்றான் ஊர்ப் பலகையைக்கூட பஸ் ஏறிப் போய்ப் படம் எடுத்துப் போட்டேன். ஊர் இருப்பதை ஒத்துக்கொண்டார்கள். ஆள் இருந்ததை ஒத்துக்கொள்ளவில்லை.

நீங்கள் இருந்தீர்கள் என்று காட்ட வேறு என்ன செய்திருக்க வேண்டும், அண்ணாச்சி? இப்போதும் எனக்குத் தெரியவில்லை.

இந்த நேரத்தில்தான் மகா பார்சல் ஆபீசுக்கு வந்தாள். போன் வந்ததை வைத்து மதினியிடம் விசாரித்து, ஜெயராணி அக்காவைக் கேட்டு, என்னிடம் வந்திருக்கிறாள்.

"ஜாகிர் அண்ணே, அப்பா எதோ எழுதுவாவளாமே? நாங்க ஒருத்தரும் ஒரு வரி பாத்தது இல்ல. எனக்குப் பாக்கணும்ணே."

சனிக்கிழமை சென்டருக்கு வா, எல்லாம் காட்டுகிறேன் என்றேன். வியாழக்கிழமை நடுவரின் அறிவிப்பு வந்தது. ஒருவரே இரண்டு பெயரில் எழுதினால் இரண்டு பெயரின் பதிவுகளும் அழிக்கப்படும், விதி அப்படி. நான் கெஞ்சினேன். மானம் ரோஷம் பார்க்கவில்லை. "என்னுடையதை எல்லாம் அழியுங்கள். அவருடையதை விட்டுவிடுங்கள். அவர் மகள் சனிக்கிழமை வருகிறாள்" என்று எழுதினேன். "ரெண்டும் உங்களுதுதானே, இதுல என்ன கஷ்டம்?" என்று பதில் வந்தது. அவர்களுக்கு நம் மேல் கோபம்கூட இல்லை. மூன்று வருஷம் தங்களை ஏமாற்றிவிட்டான் என்ற வருத்தம்தான். வெள்ளிக்கிழமை மத்தியானம் பார்சல் ஆபீசில் இருந்து ஓடி வந்து பார்த்தேன். உங்கள் மூன்று வருஷமும் போய்விட்டது.

சனிக்கிழமை மகா நோட்டும் பேனாவும் கொண்டுவந்திருந்தாள். என்ன சொல்வேன் அவளிடம்? தேடித் தேடிப் பார்த்ததில் ஒன்று கிடைத்தது. மன்றத்தில் ஒருவரை ஏசும்போது, அவர் எழுதிய வரியை ஒரு கட்டத்துக்குள் போட்டு, அதற்குக் கீழேதான் ஏசுவோம். மற்றவர்கள் ஏசின ஏச்சுக்கு மேலே, கட்டத்துக்குள் நீங்கள் இருந்தீர்கள். அதை மட்டும் அழிக்க முடியாமல் போயிருக்கிறது. முட்டாள், கிழம், கூலிக்கு மாரடிக்கிறவன் என்று உங்களை ஏசினவர்கள் புண்ணியத்தில் மூன்று பக்கத்துக்கு வரிகள் தேறின.

மகா ஏச்சை விட்டுவிட்டுக் கட்டத்தை மட்டும் பார்த்து எழுதிக்கொண்டே வந்தாள். ஒரு வரியில் பேனா நின்றது. இடைத்தேர்தல் முடிவு அன்றைக்குப் போட்டது. 'தோத்தவன் வீட்லயும் இன்னைக்கு உலை வைக்கத்தான் செய்வாங்க. சாப்பிட்டுட்டு வாரேன், மிச்சத்த வந்து ஏசுங்க.'

"அப்பாதாண்ணே இது. இப்படியேதான் பேசுவாவ" என்று சொல்லிவிட்டு, அந்தப் பலகைத் தடுப்பில் சாய்ந்து அழுதாள்.

அது நான் எழுதியது, அண்ணாச்சி. முழுக்க முழுக்க நான். நீங்கள் அதை வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாளுக்குப் போய்விட்டீர்கள். அவளிடம் "ஆமாம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும் அந்த நேரத்தில்?

அதில் இருந்து எனக்கு ஒரு வாய் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. நீங்கள் என்ற ஆளே பொய் என்று சொன்னவர்களோடு மல்லுக்கு நின்ற நான்தான், நீங்கள் எழுதாத ஒன்றை உங்கள் மகள் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். அதைவிட மோசம், அந்த நோட்டில் உள்ள சில வரிகள் உங்களுடையதா என்னுடையதா என்று எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. கேட்டுச் சொல்ல நீங்களும் இல்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று மதினியிடம் சொல்லியிருக்கிறேன். மகா பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டைத் திறந்து, அந்த உலை வரியை முதலில் அடிக்கச் சொல்வேன். அழுதாலும், என்னை ஏசினாலும், இனி மூஞ்சியில் முழிக்காதே என்றாலும் சொல்லிவிடுவேன். சந்தேகமான வரி ஒன்றைக்கூட உங்கள் பெயரில் விடமாட்டேன். கடைசியில் நாலே வரி மிஞ்சட்டும். அந்த நாலும் எங்கள் அண்ணாச்சி எழுதியதுதான் என்று, யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், நான் உயிரோடு இருக்கும்வரை சொல்வேன்.

என்றைக்கும் உங்களுக்கு எதிர்க்கட்சியான,
உங்கள் தம்பி
ஜாகிர்