கனமான வண்டி

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் கார் வாங்கிவிட்டேன். நாம் குத்தகைக்கு உழுத பண்ணை நிலத்துக்கு நமக்கே பட்டா கிடைத்த அதே வாரம், பண்ணையார் தெருவில் யாரோ ஜீப்பால் இடித்து, அவளை ஸ்கூட்டரோடு வாய்க்காலில் தள்ளினார்கள். கை எலும்பு இப்போதுதான் கூடியிருக்கிறது. வழுக்கி விழுந்தாள் என்றுதான் உங்களிடம் சொல்லியிருந்தேன். கல்லூரிக்குப் போக அந்தத் தெருவை விட்டால் வேறு பாதை இல்லை.

கும்பகோணத்தில் புரோக்கர் குழந்தைராஜ் ஒரு சின்னக் காரைக் காட்டி, "ஓட்டிப் பழக இதுதான் லேசு, அக்கா" என்றார்.

"மோதினா தாங்குமாங்க?"

அவர் பழைய அம்பாசிடர் ஒன்றைக் காட்டினார். "மெதுவாத்தான் போகும். ஆனா நல்ல கனம்." விலை நீங்கள் அனுப்பிய பணத்துக்குள் அடங்கியது.

நேற்று நானும் கூடப் போனேன். அந்தத் தெருவில் டிராக்டர் குறுக்கே நின்றது. "திருப்பிடு பாப்பா" என்று கெஞ்சினேன். அவள் கண்ணாடியை இறக்கி, "அண்ணே, வழி விடுங்க" என்றாள். வெகுநேரம் கழித்துத்தான் டிராக்டர் நகர்ந்தது.

இன்று காலை, "நீ வராதம்மா. நீ நடுங்குறது அவங்களுக்குத் தெரியுது" என்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனாள். மாலையில் நல்லபடியாக வந்துவிட்டாள்.

நாளைக்கும் போவாள். சீக்கிரம் ஊருக்கு வாருங்கள்.

இப்படிக்கு,
பாப்பா அம்மா