பார்லரில் நான் சொன்ன பொய்

செவ்வாய்க்கிழமை

மாமியாரின் காலைப் பார்த்ததும் டாக்டர் முகம் சுளித்தார். பெருவிரல் ஓரத்தில் வீங்கிச் சீழ் வைத்திருந்தது. "சர்க்கரை இருக்கறவங்க கால்ல யாரு பிளேடு வெச்சது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை, "நான்தான் டாக்டர், வீட்ல நகம் வெட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

அப்படி நடக்கவே இல்லை. போன வாரம் என் தம்பி கல்யாணத்துக்கு முன்னால், ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் அவரை பியூட்டி பார்லருக்கு அழைத்துப் போனது நான். அவருடைய வெடித்த குதிகாலை என் அம்மா வீட்டார் பார்ப்பார்களே என்று எனக்குக் கூச்சம். "ஆன்ட்டிக்கு சுகர் இருக்குதாக்கா?" என்று பார்லர் பெண் கேட்டாள். இருக்கிறது என்றால் காலில் பிளேடு வைக்க மாட்டாள் என்று தெரிந்தே "இல்ல" என்றேன். குதிகாலை முடித்து, பெருவிரல் ஓரத்துத் தடித்த தோலைச் சீவும்போது ரத்தம் கசிந்தது. மரத்துப்போன கால், அத்தைக்கு வலிக்கவே இல்லை. அப்போதாவது நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

"நல்லவேளை இன்னிக்கே வந்தீங்க, விரல் தப்பிச்சுது" என்றார் டாக்டர்.

வீட்டில் என் கணவர் அத்தையிடம் கத்தினார். "பிளேடு எடுக்காதன்னு எத்தினி தடவ சொல்றதும்மா?" அத்தை தலையைக் குனிந்துகொண்டார். நான் அடுப்படியிலேயே நின்றேன்.

பிறகு மாத்திரை கொடுக்கும்போது, "ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?" என்றேன்.

"என்னைத் திட்டினா ஒரு மணி நேரத்துல மறந்துடுவான்மா. உன்னைன்னா மறக்க மாட்டான்."

என் கணவர் இன்னும் தூங்கவில்லை, டிவி சத்தம் கேட்கிறது. இந்த டைரியை மூடி வைத்துவிட்டுப் போய் அவரிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.