அப்பாவின் ஜாய்ஸ்டிக்கும் அதன் நடுப்புள்ளியும்

அப்பா,

மூலக்குளம் வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் வந்திருப்பதால், மேலே கிடந்ததையெல்லாம் இறக்கினோம். ஒரு பைக்குள் கையை விட்டேன். வெளியே எடுத்தபோது உள்ளங்கையோடு உங்கள் ஜாய்ஸ்டிக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியின் கறுப்பு ரப்பர் இத்தனை வருஷத்தில் இளகிப் பலாப்பழப் பிசின் மாதிரி ஆகியிருக்கிறது. தேங்காயெண்ணெய் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. "அவரு புடிச்சா வுடமாட்டாரு, அவரு சாமான் மட்டும் வுட்டுடுமா?" என்றார் அம்மா. வெள்ளையடிக்க வந்தவர் உட்பட எல்லோரும் சிரித்தோம்.

உங்களுக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்த வருஷம் அது. கால் சீக்கிரமே தேறிவிட்டது. பேச்சு ஒருநாள்கூடக் குறையவில்லை, அது எங்கள் தலையெழுத்து. கை மட்டும் உடம்பைப் பார்த்து உள்பக்கமாக, இடது புறமாகவே இழுத்துக்கொண்டு கிடந்தது. விரலுக்கு வேலை கொடுக்கச் சொல்லி டாக்டர் தந்த ரப்பர் பந்தை, பட்டாளத்துக்காரனுக்குப் பந்து விளையாட்டா என்று தூக்கிப் போட்டுவிட்டீர்கள்.

உங்கள் கவலையெல்லாம் ஒரே ஒரு காகிதத்தைப் பற்றி. பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன் வாங்குபவர்கள் உயிரோடுதான் இருக்கிறேன் என்று வருஷா வருஷம் கையெழுத்துப் போட்டு அனுப்பும் காகிதம் அது. இடது கையால் எழுதிப் பார்த்தீர்கள்; கோழி கிளறிய மாதிரி இருந்தது. கைநாட்டு வைக்கலாமே என்று அம்மா சொன்னதற்கு நீங்கள் பேசியது அப்படியே ஞாபகம் இருக்கிறது. "உயிரோட இருக்கறேன்னு சொல்றதுக்குக் கைநாட்டா? அதுக்கு நான் இல்லன்னே எழுதி அனுப்பிடு."

அந்த நேரத்தில்தான் அண்ணன் பிரான்சிலிருந்து லீவில் வந்தான். அவன் பழைய கம்ப்யூட்டரும் ஒரு ஜாய்ஸ்டிக்கும் ஒரு சீடியும் கூடவே வந்தன. சீடியில், நீங்கள் பட்டாளத்துக் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிய கார் ரேஸ் கேம் இருந்தது. அந்தக் காலத்து கேம் பெட்டி மாதிரி கம்ப்யூட்டரை நடிக்கவைக்கும் எமுலேட்டரையும் போட்டுக் கொடுத்திருந்தான். லீவு முடிந்து அவன் விமானம் ஏறினான். மிச்சத்தை என் தலையில் கட்டினான். நான்தான் லாஸ்பேட்டையில் கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்தேனே.

படித்தது என்னவோ வாஸ்தவம். ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் வாயைத் திறந்தால் பிரெஞ்சுதான் பேசியது, எனக்கோ 'போன்ழூர்' தாண்டி ஒன்றும் தெரியாது. திரையில் வருவதையெல்லாம் நீங்கள் படித்துத் தமிழில் சொல்ல, நான் செய்ய, இப்படித்தான் நம் குடித்தனம் ஓடியது. முதல் தகராறு ரெக்கார்டு நிற்காதது. ஒவ்வொரு நாளும் நீங்கள் ஓட்டிய வேகம் மறுநாள் காணாமல் போனது. கேமை சீடியிலிருந்தே ஓட்டுகிறோம், அதில் எழுத முடியாது என்று எனக்கு உறைக்கவே நான்கு நாள் ஆயிற்று. எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் காப்பி செய்தும் எழுத மறுத்தது. ஃபைலின் மேல் ஒரு டிக் இருந்தது. அதை எடுக்கலாமா என்று கேட்டால் நீங்கள் எடுக்கவிடவில்லை. 'படிக்க மட்டும்' என்று போட்டிருக்கிறதாம். போட்டவன் ஏதோ காரணமாகத்தான் போட்டிருப்பானாம். ஆர்டர் என்றால் ஆர்டராம். நீங்கள் காப்பி குடிக்கப் போன சமயத்தில் நானே எடுத்துவிட்டேன். அப்புறம் ரெக்கார்டு நின்றதற்கு, எமுலேட்டர் ஒருவழியாகப் பணிந்துவிட்டது என்று எதிர்வீட்டு மாமாவிடம் பெருமை பேசினீர்கள். இன்றைக்குத்தான் உண்மையைச் சொல்கிறேன், மன்னித்துவிடுங்கள்.

அடுத்தது ஜாய்ஸ்டிக். அதற்கு நடு எது, ஓரம் எது என்று கம்ப்யூட்டருக்கு முதலில் பழக்கிவிட வேண்டும். கைப்பிடியை நடுவில் வைத்து பட்டனை அழுத்து என்று திரையில் வந்தது. வலது கையை நீங்களே இடது கையால் தூக்கிக் கைப்பிடியின் மேல் வைத்துக்கொண்டீர்கள். கையை எடுத்துவிட்டு அழுத்துங்கள், தானாகவே நடுவில் நிற்கும் என்றேன். கேட்டால்தானே? "கைப்பிடிய நடுவுல வைன்னுதான் போட்டுருக்கு. வுட்டுடுன்னு போடல. பட்டாளத்துல கையில குடுத்தத சொல்லாம கீழ வெச்சா இன்னா ஆவும் தெரியுமா?" கைப்பிடியைப் பிடித்தபடியே விறைப்பாக உட்கார்ந்து அழுத்தினீர்கள். எனக்கும் பரீட்சை நேரம், சரி என்று விட்டுவிட்டேன்.

அதற்குப்பின் நடந்ததுதான் கூத்து. சாயங்காலம் ஆறு மணி ஆனால் நீங்கள் ராஜா. உங்கள் கார் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். நான் ஓட்டினால் வலது பக்கம் இருந்த வேலியில் போய் மோதும். அம்மா ஓட்டினாலும் அதே வேலி. பிரான்சில் லாரியே ஓட்டிய எதிர்வீட்டு மாமாவுக்கும் அந்த வேலிதான் கதி. ஒரு கை விழுந்தவன் ஓட்டுகிற காரை முழு ஆட்கள் மூன்று பேரால் ஓட்ட முடியவில்லையே என்று நீங்கள் பேசிய பேச்சில் மாமா ஒரு வாரம் வீட்டுப் பக்கமே வரவில்லை. நாங்கள் தோற்கத் தோற்க நீங்கள் அதிக நேரம் ஆடினீர்கள்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒருநாள் உங்கள் காரும் வலது பக்கம் போக ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு எங்களைப் போலவே வேலியில். ஆறு மணிக்குக் கம்ப்யூட்டர் பக்கம் போவதையே நிறுத்திவிட்டீர்கள். அந்த வாரம் காகிதமும் வந்து சேர்ந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டீர்கள். "கை மறுபடி போயிடுச்சு. மை டப்பா வாங்கிக்கினு வரச் சொல்லு, நாட்டே வெச்சிடறேன்." உங்கள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று நான் நினைத்ததில்லை.

கோபத்தை எதன்மேல் காட்டுவது என்று தெரியாமல் கம்ப்யூட்டரைப் போட்டேன். ரேஸைத் தொடங்கிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். ஜாய்ஸ்டிக்கை யாருமே தொடவில்லை. கார் தானாக வலது பக்கம் போய் வேலியில் மோதியது.

அப்போதுதான் புத்தி வந்தது. அன்றைக்கு நீங்கள் கையை எடுக்காமல் அழுத்தினீர்களே, இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்த உங்கள் கை நின்ற இடத்தையே நடு என்று அது எடுத்துக்கொண்டுவிட்டது. அதனால்தான் நல்ல கையெல்லாம் வேலியில் மோதியது, உங்கள் கை மட்டும் நேராகப் போனது. இப்போது உங்களுடையதும் மோதுகிறதென்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

ஓடிவந்து, கை கெட்டுப்போகவில்லை, தேறிக்கொண்டிருக்கிறது என்று சொன்னேன். நீங்கள் நம்பவில்லை. ஆறுதலுக்குக் கதை கட்டாதே என்றீர்கள். கையைப் பிடித்து இழுத்து வந்து, ஜாய்ஸ்டிக் நிற்கும் இடத்தைக் கூட்டல் குறியாகக் காட்டும் திரையைத் திறந்தேன். யாரும் தொடாதபோது குறி எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். பிறகு கையை வைக்கச் சொன்னேன். வலது கை தானாகவே எழுந்து கைப்பிடியின் மேல் உட்கார்ந்தது. குறி அசையவே இல்லை.

கையை எடுத்தீர்கள், வைத்தீர்கள், எடுத்தீர்கள், வைத்தீர்கள். அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கடைசியில், "பேனா எங்க?" என்றீர்கள். பழைய கையெழுத்தில் பாதி அழகுதான் இருந்தது, ஆனால் உங்கள் கையெழுத்து. அடுத்த நாளே ஜாய்ஸ்டிக்குக்கு நடுவைச் சரியாகப் பழக்கினேன், கையை எடுத்துவிட்டு. அதோடு உங்கள் ராஜாங்கமும் கவிழ்ந்தது. அம்மா உங்களை வரிசையாக ஆறு ரேஸ் ஜெயித்தார். கை தேறியதற்கு இதுதான் பரிசா என்று நீங்கள் முணுமுணுத்ததை மாமா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். அந்தக் காகிதத்தில் அப்புறமும் பல வருஷம் உங்கள் கைதான் கையெழுத்துப் போட்டது.

நீங்கள் போன பிறகு, தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு எனக்கு அழுகை வரும். எங்கே இருந்தாலும் வரும். பஸ்ஸில்கூட வந்திருக்கிறது. ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் மீன் பேரம் பேசி, சிரித்து, வீட்டுக்கு வந்து குழம்பு வைத்து முடித்த பிறகுதான் மணியைப் பார்த்தேன். ஏழரை. அழ மறந்துபோயிருந்தேன். பகீரென்றது. அப்பாவையே மறக்கிற அளவுக்குக் கெட்டுப்போய்விட்டேனே என்று அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரிப்பு வந்தது. உங்களுக்கு நான் ஓடிவந்து சொன்னதை எனக்கு நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை, அப்பா. கை தேறிக்கொண்டிருக்கிறது.