பேர் சுரண்டிய சைக்கிள்

மண்ணெண்ணெய் வாசனை அடித்தால் எனக்கு இன்னமும் அந்த ராத்திரிதான் கண்ணில் வந்து நிற்கிறது. இன்று காலையிலும் அப்படித்தான். பழைய சைக்கிள்களைச் சேர்த்து வைக்கிற ஒருவரை நம் மகன் புதுச்சேரியிலிருந்து கூட்டிவந்திருந்தான். அவர் உங்கள் சைக்கிளை வாசலில் கவிழ்த்துப் போட்டு, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். முன்னால் கம்பெனி முத்திரை இல்லை. செயின் கவரில் ஓர் எழுத்துகூட இல்லை. கம்பி பிரேக்கையும் முன் ஃபோர்க்கின் வளைவையும் வெகுநேரம் பார்த்துவிட்டு, "சீமை வண்டி மாதிரிதான் இருக்குதும்மா. நீங்க பொறக்கறதுக்கும் முந்தினது. ஆனா எந்தக் கம்பெனி, எந்த வருஷம்னு அடிச்சி சொல்ல முடியல" என்றார். அப்புறம் சீட்டுக்குக் கீழே விரலால் தடவினார்.

"நம்பர அரம் போட்டு ராவிக்கிறாங்களே. யாரும்மா இந்த வேலைய செஞ்சது?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெருவில் யாராவது கேட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து எந்தப் போலீசு வரப்போகிறது? புத்திக்குத் தெரிகிறது. இருந்தும், "மெதுவா பேசுங்க" என்றேன் அவரிடம்.

வேறு யார் செய்தது? நீங்கள்தான். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த நாட்கள் அவை. ரோடு நெடுக மரத்தை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். சேலம் பஸ் ஓடவில்லை, வெள்ளிமலையிலிருந்து சாமை மூட்டை இறங்கவில்லை. சின்னசேலம் மண்டியில் எடை போடுகிற உங்களுக்கு மட்டும் ஒருநாள் லீவு கிடையாது. "மரத்து மேல தூக்கி வெச்சி தாண்டிப் போறவனுக்கு இன்னா பஸ்சு, இன்னா லாரி" என்று கிளம்பிவிடுவீர்கள். நம் ஊர் நைனார்பாளையத்து ஆள் என்று தெரிந்தாலே போலீஸ்காரர்கள் பிடிக்கிறார்கள், செயின் கவரில் இருக்கிற ஊர்ப் பேரைப் பார்த்துத்தான் வேனில் ஏற்றுகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் பார்த்தது, யார் கேட்டது? ஒன்றும் தெரியாது. அன்று ராத்திரியே நீங்கள் மண்ணெண்ணெயும் கத்தியும் அரமுமாக உட்கார்ந்துவிட்டீர்கள்.

என் அப்பா கல்யாணத்துக்கு வாங்கிக் கொடுத்த சைக்கிள் அது. ரயில்வேக்காரர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது விற்றது. முன்னாலிருந்த பித்தளை முத்திரையை நீங்கள் நெம்பி எடுத்தபோது என்னையே நெம்பியது போலிருந்தது.

"இன்னாங்க, ஊர்ப் பேர சுரண்டினா போதாதா? நம்பர எதுக்கு ராவறீங்க?"

"பேரு இருந்தாதான புடிப்பான்? ஒண்ணுமே இல்லாட்டி யார்னு புடிப்பான்? நீ சும்மா கெட."

பெரிய மூளை! மறுநாள் பொழுது சாய்ந்தும் நீங்கள் வரவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன்தான் ஓடிவந்து சொன்னார்: "போலீசு ஸ்டேஷன்ல குந்த வெச்சிக்கிறாங்கமா. நம்பர் ராவின சைக்கிளாம். திருட்டு சைக்கிள்ன்றாங்க. மரம் வெட்டின கேசும் சேத்தா கடலூர் ஜெயிலுதான்." ஊர்ப் பேர் எழுதிய சைக்கிளெல்லாம் அன்றைக்குப் பத்திரமாக வீடு வந்து சேர்ந்தது, தெரியுமா?

அண்ணனோடு நானும் கிளம்பினேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, வெட்டிப் போட்ட புளியமரங்களின் மேலே ஏறி இறங்கினேன். ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சாமியை வேண்டிக்கொண்டேன். கடைசியில் வேண்டச் சாமியில்லாமல் போய் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஸ்டேஷன் சுவரோரம் நீங்கள் குந்தியிருந்தீர்கள். சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். உங்களுக்குப் பின்னால், பிடித்து வந்த சைக்கிளெல்லாம் குவியலாகக் கிடந்தது.

"உன் வூட்டுக்காரன் சைக்கிள்னா அடையாளம் சொல்லு" என்றார் ஏட்டு.

"கறுப்புங்க."

"இங்க எல்லாமே கறுப்புதான்."

வேறு என்னத்தைச் சொல்வது? மணி, கேரியர் எல்லாமே எல்லா வண்டியிலும் இருக்கிறதுதானே. அப்போதுதான் நீங்கள் எண்ணெய் விடும்போதெல்லாம் முனகுவது காதில் கேட்டது: "பொடவ போச்சு, நூலு மட்டும் போவ மாட்டேங்குது."

"பின் சக்கரத்த பாருங்கய்யா. நடுவுல, அச்சு அண்டயே அரக்கு நூலு சுத்திக்கினு இருக்கும். எம் முகூர்த்தப் பொடவைங்க. மறுவூடு போகசொல்ல கேரியர்ல குந்திக்கினு வந்தேன், முந்தானி மாட்டிக்கினு கிழிஞ்சிடுச்சி."

சொன்ன பிறகுதான் பயம் அதிகமானது. நேற்று ராத்திரி சுரண்டின சுரண்டலில் அதையும் பிடுங்கியிருந்தால்? உங்களைப் பார்த்தேன். நீங்கள் தரையைப் பார்த்தீர்கள். ஏட்டு குச்சியால் நோண்டினார். கறுப்பு மசி வந்தது. இன்னும் நோண்டினார். மறுபடி மசி. என் உயிரே அந்தக் குச்சி முனையில் இருந்தது. அப்புறம் ஒரு சிறு நூல் வந்தது. பெருவிரலில் தேய்த்துப் பார்த்தார். அரக்கு.

"கண்ணாலம் எப்போ ஆச்சி?"

"நாலு வருஷம் ஆவுதுங்க."

"அப்போ இது நேத்து திருடினது இல்ல" என்றார். அவர் சிரித்தாரா என்று பார்க்கக்கூட எனக்குத் தெம்பில்லை. உங்களைப் பார்த்து, "யோவ், மொதல்ல பேர எழுதுய்யா. போ" என்றார்.

திரும்பும் வழியில் மரம் மரமாகச் சைக்கிளைத் தூக்கிக் கொடுத்தீர்கள், நான் அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டேன். ஊர் நெருங்கும்போது, "அம்மாம் பேர் முன்னாடி பொடவ கிழிஞ்ச கதைய சொல்லிட்டியேடி" என்றீர்கள். கோபமா வெட்கமா என்று இருட்டில் தெரியவில்லை. நான் ஓவென்று அழுதேன். பேரை மட்டும் கடைசிவரை நீங்கள் எழுதவேயில்லை. எழுதினாலும் பயம், எழுதாவிட்டாலும் பயம்.

வந்தவரிடம் என் கல்யாண வருஷத்தைச் சொன்னேன், அதற்கு முந்தையது என்று குறித்துக்கொள்ளட்டும். விற்கப் போவதில்லை என்றும் சொல்லிவிட்டேன். மகனுக்கு முகம் சுண்டிப்போனது.

அன்றைக்குப் பிடித்த பயம் என்னை விடவேயில்லை. நீங்கள் இருந்தவரை, பொழுது சாய்ந்தால் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்கும்வரை உலையில் அரிசி போட மாட்டேன். நீங்கள் போன பிறகும் விளக்கு வைத்ததும் வாசலுக்கு வந்து நிற்கிறேன். இன்றைக்கும் நின்றேன்.

"இன்னாம்மா பாக்கற?" என்றான் மகன்.

"பூனை வந்துதான்னு பாக்கறேன்டா."

நம் வீட்டில் பூனை ஏது? அவனும் பக்கத்தில் வந்து தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றான்.