பூந்தொட்டியைக் கிளறாதீங்க

என்னங்க,

உருண்டை சாகல. உங்க கம்பளித் தொப்பிக்குள்ள வெச்சு சாப்பாட்டு மேசைமேல விட்டிருக்கேன், தொப்பியை உதறிடாதீங்க.

காலையில கூண்டைத் திறந்தா, நேத்து வெள்ளைச்சி கிடந்த மாதிரியே சில்லுன்னு விறைச்சுக் கிடந்துச்சு. இந்த ஹாம்ஸ்டரும் போச்சுன்னுதான் கையில எடுத்தேன். கால் லேசா இழுத்துச்சு. மிருக டாக்டருக்குப் போன் போட்டேன். ரூம் ரொம்பக் குளிர்ந்துட்டா இதுங்க செத்த மாதிரித் தூங்கிடுமாம், மூச்சு விடுறதுகூடத் தெரியாதாம். நெஞ்சோட அணைச்சு வெச்சிருந்தேன். கண்ணைத் திறந்துடுச்சு.

ஹீட்டர் பக்கத்துல வைக்காதீங்க. நல்லா நடமாடின பிறகு சர்க்கரைத் தண்ணி ஒரு சொட்டு காட்டுங்க. ஜன்னலைச் சாத்தியே வைங்க. ராத்திரி யார் அதைத் திறந்து போட்டதுன்னு நேத்து குடுமிப்பிடி சண்டை போட்டோமே, நான்தான்னே வெச்சுக்கோங்க.

பால்கனித் தொட்டியை நான் கிளறிப் பார்க்கல. நீங்களும் பார்க்காதீங்க. நேத்து புதைச்சது, ஒரு ராத்திரி முழுக்க மண்ணுக்குள்ள. இனி பார்த்து என்ன ஆகப்போகுது.

சாப்பாடு அடுப்புமேல இருக்கு.

இன்னொண்ணு. பாப்பாவுக்கு எதுவும் தெரியாது, அவ பார்க்கிறதுக்குள்ள ஸ்கூல் வேன்ல ஏத்தி விட்டுட்டேன். சாயங்காலம் வந்தா, உருண்டை செத்துப் பிழைச்ச கதையை அவகிட்ட மூச்சு விடாதீங்க. நேத்து உங்க கையைப் பிடிச்சு இழுத்து, "வெள்ளைச்சி மீசை ஆடுதுப்பா"ன்னு சொன்னாளே. காத்துல ஆடுதுன்னு சொல்லிட்டு நாம ரெண்டு பேரும் மண்ணைத் தள்ளினோம்.