மூன்றாவது முத்திரை

சோயுலின் அப்பாவுக்கு,

உங்கள் கல்வி அலுவலகம் போன மாதம் எங்கள் பள்ளிக்கு உதவி என்று பியானோ அனுப்பியது. இந்த மாதம் பள்ளியை மூடச் சம்மதப் படிவம் அனுப்பியது.

பிள்ளைகளை அனுப்பும் ஐந்து வீடுகளில், கையெழுத்துக்குப் பதிலாக மூன்று வீட்டுப் பெயர் முத்திரை விழுந்தால் போதுமாம். குத்தாதீர்கள் என்று வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன். நேற்று கடல்பாசி காயவைக்கும் பியோங்சூ என்னை மடக்கினார்.

"மூணாவது முத்திரை உங்களோடதாமே டீச்சர்? அப்புறம் எங்ககிட்ட எதுக்கு அந்த நாடகம்?"

என் இழுப்பறையைத் திறந்து, என் பெயர் முத்திரையை எடுத்துக் குத்த உங்களுக்குக் கை கூசவில்லை. நம் மகள் படிக்கும் பள்ளி அது. பதவி உயர்வு வந்துவிட்டதா?

சோயுல் என்னோடு இருக்கிறாள். முத்திரையும்தான். விவாகரத்துப் படிவம் இணைத்திருக்கிறேன். என் பெயருக்கு நேரே இந்த முறை நானே குத்தியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கோப்பில் சம்மதித்த தாய்